நான்காம் வகுப்பில் மாறும் மொழி: நூனவுட் பள்ளிகள் எந்த வழியில் போகலாம்?

கனடாவின் வடகோடியில் உள்ள நூனவுட் பிரதேசத்தில், பல ஊர்களில் இனுயிட் என்ற பூர்வகுடி மக்களின் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியான இனுக்டிடுட்டில் படிக்கிறார்கள். பாடம் நடத்துபவர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். பிள்ளைக்கு அத்தை முறையாக இருப்பார், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். நான்காம் வகுப்பில் எல்லாம் மாறிவிடுகிறது. பாடம் ஆங்கிலத்துக்குப் போய்விடும். ஆசிரியர் தெற்கே ஒன்டாரியோவிலிருந்தோ நியூஃபவுண்ட்லாந்திலிருந்தோ விமானம் ஏறி வந்தவர். சில வருஷத்தில் திரும்பிப் போய்விடக்கூடியவர். மேல்வகுப்புகளுக்கு வந்தால் பாடத்திட்டமே ஆல்பர்ட்டா மாகாணத்திலிருந்து வாங்கியது.

இதன் விளைவை 2006இல் தாமஸ் பெர்ஜர் பூசி மெழுகாமல் எழுதினார். முன்னாள் நீதிபதியான அவர், இனுயிட் மக்களின் நில உரிமை ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதில் எழுந்த தகராறைத் தீர்த்துவைக்க நியமிக்கப்பட்டவர். அரசு வேலைகளில் ஏன் இனுயிட் மக்கள் போதிய அளவில் இல்லை என்று விசாரிக்கப் போனவரின் தேடல் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. நூறு பிள்ளைகளில் 25 பேர்தான் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள். மற்றவர்கள் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். இனுக்டிடுட் முழுதாக வேரூன்றும் முன் நிறுத்தப்படுகிறது, ஆங்கிலமும் தேர்வு எழுதும் அளவுக்கு வந்து சேர்வதில்லை. இருமொழிக் கல்விதான் தீர்வு, அதற்கான செலவில் மத்திய அரசும் பங்கு ஏற்க வேண்டும் என்றார் பெர்ஜர்.

இரண்டு ஆண்டுகளில் சட்டம் வந்தது. 2008 கல்விச் சட்டப்படி, 2019-20 கல்வியாண்டுக்குள் எல்லா வகுப்பும் இருமொழியாகிவிட வேண்டும். ஆகவில்லை. 2020 நவம்பரில் சட்டத்தைத் திருத்தி, கெடுவை 2039 வரை தள்ளிவைத்தார்கள். 2020இல் மழலையர் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 2033இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடும். அதாவது இந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டதாகச் சொன்னார்களோ, அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியேறிய பிறகுதான் முழுதாக நடைமுறைக்கு வரும். இனுயிட் மக்களின் உரிமை அமைப்பான நூனவுட் துங்காவிக் 2021இல் நீதிமன்றம் போனது. ஆங்கிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் பிரெஞ்சுக் குடும்பங்களின் பிள்ளைகளும் பள்ளி முழுவதையும் தங்கள் மொழியிலேயே முடிக்க முடிகிறது, பெரும்பான்மையான எங்கள் பிள்ளைகளால் மட்டும் முடியவில்லை, இது பாகுபாடு என்பது அவர்கள் வாதம்.

வழக்கு அதன் பாட்டுக்குப் போகட்டும். ஓர் ஊரின் கல்விக் குழுவின் மேசையில், உலகின் வடக்குப் பகுதிகளில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கும் வழிகளை வரிசையாக வைத்து, "எதை எடுக்கலாம்?" என்று கேட்டால் என்ன சொல்வது? நூனாவிக், கிரீன்லாந்து, வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி மக்களின் நிலம், பிறகு சுவரில்லாத பள்ளி என்று நான்கு வழிகள் இருக்கின்றன. என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வகுப்பில் எந்த மொழி, வாரத்துக்கு எத்தனை மணி என்று தொடங்கும் எந்தத் திட்டத்தின் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. 25 வயதிலிருந்து 45 வயதுக்குள் இருக்கும் உள்ளூர்க்காரர்களில் யார் ஆசிரியர் ஆகப்போகிறார்கள், அவர்களை யார், எங்கே வைத்துப் பயிற்றுவிப்பது என்பதை முதலில் முடிவு செய்யாவிட்டால், மற்றதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஊரையே உண்டாக்கிய பள்ளி

ஒப்பிடும் முன் களத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நூனவுட் 1999 ஏப்ரல் 1ஆம் தேதி தனிப் பிரதேசமானது. பரப்பு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 37,000ஐக்கூட எட்டவில்லை. அவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் இனுயிட் மக்கள். இருப்பது 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. கோடையில் கப்பல் வரும். மற்ற நாளெல்லாம் விமானம்தான்.

1950கள் வரை இந்த மக்கள் நிலையான ஊர்களில் வாழவில்லை. கடல்நாய், கரிபூ மான், மீன் இவற்றின் நடமாட்டத்தை ஒட்டிச் சின்னச் சின்ன முகாம்களில் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். அப்போது பள்ளிகள் வந்தன. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் குடும்ப உதவித்தொகை நின்றுவிடும் என்று அதிகாரிகள் சொன்னதாகப் பாஃபின் பகுதிப் பெரியவர்கள் பலர் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். 2007 முதல் 2010 வரை இனுயிட் மக்களே நடத்திய கிக்கிக்தானி உண்மை ஆணையம் இதையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறது. பிள்ளையைப் பிரிய மனமில்லாமல் முகாமைக் கலைத்துவிட்டுப் பள்ளிக்குப் பக்கத்தில் வந்து குடியேறினார்கள். செஸ்டர்ஃபீல்ட் இன்லெட்டில் 1955 முதல் 1969 வரை திருச்சபை நடத்திய விடுதிக்குத் தூர முகாம்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். அங்கே நடந்த கொடுமைகளைப் பிற்பாடு அங்கே படித்தவர்களே வெளியில் சொன்னார்கள்.

ஆக, அங்கே ஊர் உண்டானதே பள்ளியால்தான். பள்ளியைப் பற்றி ஒரு பாட்டிக்கு இருக்கும் எண்ணமும் அதிகாரிக்கு இருக்கும் எண்ணமும் எப்படி ஒன்றாக இருக்கும்? "பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று தெற்கிலிருந்து வருபவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எந்தப் பெற்றோர், எந்தப் பள்ளியில், என்ன பட்டவர்கள் என்று கேட்டுவிட்டு அதைச் சொல்வதுதான் நியாயம்.

பக்கத்து வீட்டு வழி: நூனாவிக்

கியூபெக் மாகாணத்தின் வடபகுதியான நூனாவிக்கில் 14 இனுயிட் ஊர்கள் இருக்கின்றன. 1975இல் கையெழுத்தான ஜேம்ஸ் பே ஒப்பந்தத்தின் வழியாக அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கல்வி வாரியம் கிடைத்தது. இப்போது அதன் பெயர் கட்டிவிக் இலிசார்னிலிரினிக். மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை இனுக்டிடுட்; மூன்றாவதில் பாதிக்குப் பாதி; அதற்கு மேல் பெற்றோர் விருப்பப்படி பிரெஞ்சு அல்லது ஆங்கிலம்.

இந்த முதல் மூன்று வருஷத்தின் பலனுக்கு ஆதாரம் இருக்கிறது. டொனால்ட் டெய்லர், ஸ்டீபன் ரைட் ஆகிய உளவியலாளர்கள் நூனாவிக் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரே ஊரில் சில பிள்ளைகள் இனுக்டிடுட்டிலும் சிலர் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ படிப்பைத் தொடங்கினார்கள். தாய்மொழியில் தொடங்கியவர்களின் மொழித்திறன், பாடத்துக்குத் தேவையான அளவுக்கு வளர்ந்தது. அடுத்த மொழியில் தொடங்கியவர்களுக்குத் தாய்மொழி அங்கேயே தேங்கி நின்றுவிட்டது. தன்னைப் பற்றியும் தன் இனத்தைப் பற்றியும் பிள்ளை வைத்திருக்கும் மதிப்பும் முதல் கூட்டத்தில் கூடுதலாக இருந்தது.

ஆனால் மூன்றாம் வகுப்போடு அது முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இனுக்டிடுட் ஒரு பாடமாகச் சுருங்கி, கைத்தொழில் வகுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மின்சாரம், பின்னம், உடலின் உறுப்புகள், சட்டம் எல்லாம் வேறு மொழிக்குச் சொந்தமாகிவிடுகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக ஒரு செய்தியைச் சொல்ல முடியாது: உன் மொழி சின்னப் பிள்ளைகளுக்கானது.

இருந்தாலும் நூனாவிக்கை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். அவர்கள் வாக்களித்தது மூன்று வகுப்பு, கொடுப்பதும் மூன்று வகுப்பு. வாரியமும் அவர்கள் கையில். நூனவுட் வாக்களித்தது எல்லா வகுப்பும். நடைமுறையில் கிழக்கு ஊர்களில் கிடைப்பது நூனாவிக் அளவுக்குத்தான். மேற்கே கிட்டிக்மியோட் பகுதியில் அதுவும் இல்லை.

கிரீன்லாந்து: எல்லோரும் காட்டும் உதாரணம்

இனுயிட் கல்வி பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் கிரீன்லாந்தைக் காட்டுவார். காட்டக் காரணமும் இருக்கிறது. டென்மார்க்கின் கீழ் தன்னாட்சி பெற்ற, சுமார் 56,000 பேர் வாழும் அந்த நாட்டில் 2009 தன்னாட்சிச் சட்டத்துக்குப் பிறகு ஆட்சிமொழி, அங்குள்ள இனுயிட் மக்களின் கலாலிசுட் ஒன்றுதான். தொடக்கப் பள்ளி முதல் பத்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் அந்த மொழியில் நடக்கிறது. நாடாளுமன்றம், வானொலி, செய்தித்தாள், கடைப்பலகை எல்லாம் அந்த மொழியில்.

இது ஒரு சட்டத்தால் வந்ததாக நினைத்தால் ஏமாந்துபோவோம். தலைநகர் நூக்கின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது 1845இல். கலாலிசுட் மொழியில் செய்தித்தாள் வரத் தொடங்கியது 1861இல். உபதேசியார்களும் ஆசிரியர்களும் ஊர் ஊராகப் போய்ச் சொந்த மொழியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்து ஒரு நூற்றாண்டு கடந்த பிறகுதான், 1950களிலும் 60களிலும் டென்மார்க் அரசு டேனிஷ் மொழியைத் திணிக்கப் பார்த்தது. 1951இல் 22 பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, "முன்மாதிரி"யாக வளர்க்க டென்மார்க்குக்குக் கப்பல் ஏற்றினார்கள். அதற்கு டென்மார்க் மன்னிப்புக் கேட்டது 2020 டிசம்பரில்தான். அந்தத் திணிப்பை 1979இல் கிடைத்த முதல் தன்னாட்சிக்குப் பிறகு கிரீன்லாந்தால் திருப்பிப் போட முடிந்ததென்றால், பழைய அடித்தளம் அப்படியே இருந்ததுதான் காரணம். எழுத்தும் இருந்தது, படித்த ஆசிரியர் கூட்டமும் இருந்தது.

நூனவுட்டில் அந்த அடித்தளம் வேறு மாதிரி. கிழக்கே அசையெழுத்து, மேற்கே உரோமன் எழுத்து. கனடா இனுயிட் தேசிய அமைப்பு 2019இல்தான் எல்லோருக்கும் பொதுவான ஓர் உரோமன் எழுத்துமுறையை ஏற்றது. அது ஊர்ப் பள்ளிகளில் இறங்கி வேர்விட நாளாகும். கிரீன்லாந்தின் பாடநூல்களை வாங்கி வந்து பிரித்து வைத்துவிடவும் முடியாது. பேச்சு உறவுள்ளது என்றாலும் எழுத்தும் சொற்களும் தனி.

கிரீன்லாந்தின் உள்ளேயே போய்ப் பார்த்தால் இன்னும் இரண்டு விஷயம் தட்டுப்படும். பத்தாம் வகுப்புக்கு மேல் மேல்நிலைப் படிப்பு பெரும்பாலும் டேனிஷில்தான். டேனிஷ் சரியாக வராத பிள்ளைக்கு அங்கே கதவு சாத்தப்படுகிறது. நூனவுட்டில் நான்காம் வகுப்பில் வரும் பள்ளம், கிரீன்லாந்தில் சில வருஷம் தள்ளி வருகிறது. இன்னொன்று, நாடு முழுதும் பள்ளியில் ஒலிப்பது மேற்குக் கிரீன்லாந்தின் பேச்சு. கிழக்கே தசீலாக் பக்கத்துப் பிள்ளை வீட்டில் பேசும் மொழி வேறு. அந்தப் பிள்ளைக்குத் தேசிய மொழிப் பள்ளியும் பாதி அந்நியப் பள்ளிதான்.

சாமி மக்கள் எங்கிருந்து தொடங்கினார்கள்

எனக்கு மிகவும் பிடித்த பாடம் நார்வேயிலும் பின்லாந்திலும் கிடைக்கிறது. நார்வே அரசு நூறு ஆண்டுக்கு மேலாகச் சாமி மொழிகளைப் பள்ளியிலிருந்து துரத்தியது. 1979 முதல் 1981 வரை ஆல்ட்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து நடந்த போராட்டம் தோற்றது, அணை எழும்பிவிட்டது. ஆனால் அந்தப் போராட்டம் கிளப்பிய சூட்டில் 1987இல் சாமி சட்டமும், 1989இல் காரஸ்யோக் ஊரில் சாமி நாடாளுமன்றமும் வந்தன. அதே 1989இல் இன்னொன்றும் வந்தது. செய்தியில் அதிகம் அடிபடாதது. சுமார் 3,000 பேர் மட்டும் வாழும் கவுத்தொகெய்னோவில் ஓர் உயர்கல்விக் கல்லூரி. முதல் வேலை ஆசிரியர்களை உருவாக்குவது, பயிற்று மொழி சாமி. சாமி மொழிப் பள்ளிகளுக்கென்று முழுமையான தனிப் பாடத்திட்டம் வந்தது 1997இல். எட்டு வருஷ இடைவெளியைக் கவனியுங்கள். முதலில் ஆசிரியர், பிறகு பாடத்திட்டம்.

தலைநகரில் வைக்காமல் கலைமான் மேய்க்கும் ஊரில் கல்லூரியை வைத்ததிலும் அர்த்தம் இருக்கிறது. ஆசிரியராகப் படிக்க வந்தவர் ஊரைவிட்டுப் போகவில்லை. மொழியைப் பேசும் சூழலை விட்டும் போகவில்லை. இன்றைக்கும் அங்கே சாமி ஆசிரியர் பற்றாக்குறை இருக்கிறது, பாடநூல் போதவில்லை என்ற குரல் ஓயவில்லை, மையப் பகுதிக்கு வெளியே வாழும் பிள்ளைகள் திரை வழியாகப் படிக்கிறார்கள். சொர்க்கம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வருஷா வருஷம் ஆசிரியர்கள் வெளியே வருகிறார்கள்.

பின்லாந்தின் இனாரியில் நடந்தது இதைவிடத் துணிச்சலானது. இனாரி சாமி மொழியைப் பேசுபவர்கள் மொத்தமே சில நூறு பேர். 1997இல் அங்கே மழலையர்க்கு "மொழிக்கூடு" தொடங்கினார்கள். நியூசிலாந்தில் மவோரி மக்கள் கண்டுபிடித்த முறை. வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் பிள்ளையிடம் பேசுவது அந்த மொழி மட்டும். பிள்ளைகள் மளமளவென்று பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் ஓட்டை தெரிந்தது. தாத்தா பாட்டிக்கு மொழி தெரியும், பேரப்பிள்ளைக்குத் தெரியும், நடுவில் இருக்கும் அப்பா அம்மாவுக்குத் தெரியாது. மேல்வகுப்புக்கு ஆசிரியராக வரவேண்டிய வயதுக்காரர்கள் அந்த நடுத் தலைமுறைதான். எனவே 2009-10இல் 17 பெரியவர்களை ஒரு வருஷம் முழுக்க உட்காரவைத்து மொழியைக் கற்பித்தார்கள். பாதி வகுப்பறையில், மீதி முதியவர்களின் சமையலறையிலும் மீன்பிடி படகிலும். படித்து முடித்தவர்கள் ஆசிரியர்களாகவும் மொழிக்கூட்டுப் பணியாளர்களாகவும் செய்தியாளர்களாகவும் போய்ச் சேர்ந்தார்கள்.

17 என்பது சின்ன எண்தான். ஆனால் சில நூறு பேர் பேசும் மொழியில், ஒரே வருஷத்தில், வேலை செய்யும் வயதில் 17 பேர் கூடுவதை எந்தக் கல்விச் சட்டமும் சாதித்ததில்லை.

சுவரில்லாத வகுப்பு

நான்காவது வழியில் பள்ளிக் கட்டடமே நடுவில் இல்லை. நூனவுட்டின் கிளைட் ரிவர் ஊரில் 2011இல் திறந்த பிக்குசிலிரிவிக் என்ற பண்பாட்டுப் பள்ளி இந்த வகை. படிப்பது நிலத்தில், கற்பிப்பது பெரியவர்கள், மொழி இனுக்டிடுட். வடமேற்குப் பிரதேசத்தில் டெச்சிந்தா என்ற அமைப்பு இதையே பல்கலைக்கழகப் பாடமாக நடத்துகிறது. பெற்றோர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முகாமுக்கு வரலாம், அதற்குப் பல்கலைக்கழக மதிப்பெண்ணும் உண்டு.

இதைக் "கலாசார வகுப்பு" என்று சொல்லித் தள்ளிவைப்பவர்கள், பனிவீட்டுக்குப் பனி தேடும் பாடத்தை ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும். பெரியவர் கையில் மெல்லிய நீண்ட கோல். காற்று இறுக்கிவைத்த பனிமேட்டில் அதைச் செங்குத்தாக அழுத்துகிறார். கோல் கடைசி வரை ஒரே சீராக இறங்கினால், அந்தப் பனி ஒரே புயலில் வந்து படிந்தது. அறுத்தால் கட்டி கட்டியாக நிற்கும். நடுவில் முட்டி நின்று, பிறகு சட்டென்று உள்ளே போனால், வேறு வேறு நாளில் விழுந்த பனி அடுக்கடுக்காக இருக்கிறது என்று பொருள். தூக்கும்போதே அடுக்கு பிரிந்து உடையும். அவர் இதையெல்லாம் வாய்விட்டு விளக்குவதில்லை. கோலைப் பையனிடம் நீட்டுகிறார். பையன் குத்திப் பார்க்கிறான், இடம் காட்டுகிறான். காட்டிய இடத்தில் அறுக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்கிறார். கட்டி உடைந்தால், உடைந்ததே பதில். திரும்பக் கோலை எடுக்கிறான்.

அதில் பொருளின் இயல்பு பற்றிய அறிவு இருக்கிறது. சோதனை இருக்கிறது, முடிவு தவறானால் உடனே தெரியும் மதிப்பீடும் இருக்கிறது. இனுயிட் மரபறிவை நூனவுட் அரசு தன் அடிப்படைக் கொள்கையாக அறிவித்து, கவனித்தும் செய்து பார்த்தும் திறன் பெறுவதையும், வழியில்லாத இடத்தில் வழி கண்டுபிடிப்பதையும் அதன் கோட்பாடுகளில் சேர்த்திருக்கிறது. கற்பிக்கச் சான்று பெற்ற முதியவர்களைப் பள்ளியில் அமர்த்தக் கல்விச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் சுவரில் ஒட்டிய கோட்பாட்டுத் தாளுக்குக் கீழே நடப்பது ஆல்பர்ட்டாவின் தேர்வு. பனியை அளந்த பையனுக்கு அந்தத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

இந்த வழியின் குறையையும் சொல்லவேண்டும். செலவு அதிகம்: ஸ்னோமொபைல், பெட்ரோல், துப்பாக்கி, கூடாரம், பாதுகாப்புக்கு ஆள். ஒரு தடவைக்குக் கொஞ்சம் பேரைத்தான் கூட்டிப்போக முடியும். மருத்துவராகவோ விமானியாகவோ ஆக நினைக்கும் பெண்ணுக்கு இது மட்டும் போதாது. அவளுக்கு வேதியியல் வேண்டும், அதை நன்றாக நடத்துபவர் வேண்டும். மரபறிவு என்ற பெயரில் அவளிடமிருந்து வேதியியலைப் பிடுங்குவது இன்னொரு வகைத் துரோகம்.

நலம் பற்றிக் கொஞ்சம் நிதானமாக

இந்த விவாதத்தில் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று: தாய்மொழிப் பள்ளி வந்தால் இளைஞர் தற்கொலை குறையும். கனடாவின் இனுயிட் பகுதிகளில் தற்கொலை வீதம் நாட்டுச் சராசரியைப்போல் 5 முதல் 25 மடங்கு என்று இனுயிட் தேசிய அமைப்பே 2016இல் தன் தடுப்புத் திட்டத்தில் எழுதியது. இழப்பு இல்லாத குடும்பம் அரிது. அதனால்தான் இந்த வாதத்தைக் கவனமாகக் கையாள வேண்டும் என்கிறேன்.

ஆதாரமாகக் காட்டப்படுவது பிரிட்டிஷ் கொலம்பியாவில் சாண்ட்லர், லாலோண்ட் ஆகியோர் செய்த ஆய்வு. பாதிப் பேருக்கு மேல் தங்கள் மொழியில் பேசத் தெரிந்த பூர்வகுடிச் சமூகங்களில் இளைஞர் தற்கொலை மிகக் குறைவு, சிலவற்றில் அறவே இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிரீன்லாந்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மொழி தெரியும். பள்ளியும் அந்த மொழியில். தற்கொலை வீதமோ உலகிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. மொழி மட்டும் மருந்து என்றால் இப்படி இருக்கக்கூடாது.

அதே ஆய்வாளர்களின் முந்தைய கட்டுரையில், 1998இல் வந்ததில், எனக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி கிடைக்கிறது. பள்ளி, மருத்துவ சேவை, காவல், தீயணைப்பு, நிலம் பற்றிய பேச்சுவார்த்தை, பண்பாட்டுக் கூடம் இவற்றில் எத்தனை ஒரு சமூகத்தின் சொந்தக் கையில் இருக்கின்றனவோ, அந்த அளவுக்குத் தற்கொலை குறைவாக இருந்தது. கிளைட் ரிவரில் 1997 முதல் இயங்கும் இலிசாக்சிவிக் சங்கத்தைப் பார்த்தால் இது கண்ணில் படும் வடிவத்தில் தெரியும். உள்ளூர் இனுயிட் மக்களே பயிற்சி பெற்று ஆற்றுப்படுத்துநர்களாக இருக்கிறார்கள். தையல் குழு, நாய்வண்டிப் பயணம், தாய்மார் கூட்டம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். துக்கத்தில் இருப்பவரிடம் அவர் மொழியில், அவருக்குத் தெரிந்த முகம் பேசுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் தெற்கத்தி ஊழியர் எவ்வளவு நல்லவரானாலும் அதைச் செய்ய முடியாது.

எனவே தாய்மொழிக் கல்வியை அது கல்வியாக நல்லது என்பதற்காகக் கேட்போம். உயிர் காக்கும் உத்தரவாதமாக விற்கவேண்டாம். நாளைக்கு அந்த உத்தரவாதம் பொய்த்தால் "பள்ளி தோற்றது" என்று மூடிவிடுவார்கள்.

எதை எடுப்பது

25 ஊருக்கும் ஒரே வழி என்று 2008இலும் 2020இலும் சட்டம் எழுதியதுதான் அடிப்படைக் கோளாறு என்று நினைக்கிறேன். இக்லூலிக், பாண்ட் இன்லெட், ஆர்வியாட் போன்ற ஊர்களில் பிள்ளைகள் விளையாடும்போது பேசுவது இன்னும் இனுக்டிடுட். அங்கே கிரீன்லாந்து வழியே சாத்தியம். நான்காம் வகுப்பை 2039 வரை காக்க வைக்கத் தேவையில்லை. ஆசிரியர் கிடைத்த ஊரில், கிடைத்த வருஷமே ஐந்தாவது, ஆறாவது என்று ஏறிப்போகலாம்.

கிட்டிக்மியோட் பகுதியின் கேம்பிரிட்ஜ் பே, குக்லுக்துக் ஊர்களில் அதே திட்டத்தை வைத்தால் வெறும் நடிப்பாகிவிடும். அங்கே இனுக்டிடுட்டுக்கு உறவான இனுயின்னக்துன் மொழியைப் பேசுபவர்கள் சில நூறு பேர், பெரும்பாலும் முதியவர்கள். அங்கே வேண்டியது இனாரி வழி: மழலையர்க்கு மொழிக்கூடு, கூடவே ஒரு வருஷச் சம்பளத்தோடு பெரியவர்களுக்கு மொழிப் பயிற்சி. சம்பளம் முக்கியம். முப்பது வயதில் இரண்டு பிள்ளையோடு இருப்பவரை ஆர்வத்தின் பேரில் மட்டும் வகுப்புக்கு வரச் சொல்ல முடியாது.

நிலப் பள்ளியை நான் எங்கேயும் தனியாக வைக்கமாட்டேன். எல்லா ஊரிலும் மேல்வகுப்புக்குள்ளேயே, மதிப்பெண்ணோடு சேர்ப்பேன். வசந்த முகாம் நாட்களை விடுமுறையாகக் கணக்கு வைக்காமல் பள்ளி நாளாகக் கணக்கு வைப்பது முதல் படி. பள்ளி ஆண்டின் தேதிகளை ஊர்க் கல்விக் குழுக்களே தேர்ந்தெடுக்க ஏற்கெனவே இடம் இருப்பதால், அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆசிரியர். நூனவுட் ஆசிரியர் பயிற்சித் திட்டம் 1979இலேயே தொடங்கியது, ஊர்களுக்குப் போயும் நடத்தப்படுகிறது. ஆனால் அங்கிருந்து வெளிவரும் இருமொழி தெரிந்த பட்டதாரியை எல்லோரும் கொத்திக்கொண்டு போகிறார்கள்: அரசு அலுவலகம், உரிமை அமைப்புகள், சுரங்க நிறுவனங்கள். பள்ளிக்கு முதல் போட்டியாளர் அரசின் மற்ற இலாகாக்கள்தான். அடுத்தது வீடு. தெற்கிலிருந்து வரும் ஆசிரியருக்குப் பெரும்பாலும் பணியாளர் குடியிருப்பு கிடைக்கிறது. அதே பட்டம் வாங்கிய உள்ளூர்ப் பெண் அம்மா வீட்டில், ஒரே அறையில் நான்கு பேரோடு படுத்து எழுந்து வகுப்புக்கு வருவார். எந்த ஊரில் எந்தப் பாடத்திட்டம் வந்தாலும் இந்த ஏற்பாடு மாறாதவரை இரண்டாவது வருஷமே அவர் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். பணம் இல்லை என்ற பேச்சும் முழு உண்மையில்லை. நில ஒப்பந்த வழக்கில் 2015இல் நடந்த சமரசத்தில் கிடைத்த தொகையிலிருந்து 17.5 கோடி டாலர் இனுயிட் மக்களின் வேலைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதில் ஒரு கணிசமான பங்கை, ஊரிலேயே நடக்கும் ஆசிரியர் படிப்புக்கும் அந்த ஆசிரியர்களின் வீட்டுக்கும் திருப்பலாமா என்பதுதான் மேசையில் முதலில் வைக்கவேண்டிய காகிதம்.

இக்காலுயிட் நகரம் தனிக் கதை. தலைநகரான அங்கே ஆங்கிலம் தெருமொழி ஆகிவிட்டது. பல வீடுகளில் பெற்றோரில் ஒருவர் தெற்கத்தியர். அங்கே எல்லாப் பள்ளியையும் இனுக்டிடுட்டுக்கு மாற்றினால் பாதி ஊர் எதிர்க்கும், அதில் இனுயிட் பெற்றோரும் இருப்பார்கள். ஆனால் அதே நகரத்தில் பிரெஞ்சுக் குடும்பங்களுக்கென்று தனிப் பள்ளி இருக்கிறது, அதற்குத் தனி நிர்வாகக் குழுவும் இருக்கிறது. சில நூறு பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாத்தியமான ஏற்பாடு பல ஆயிரம் இனுயிட் மக்களுக்கு ஏன் சாத்தியமில்லை? விரும்பிச் சேரும் குடும்பங்களுக்கு, மழலையர் வகுப்பிலிருந்து முழுக்க இனுக்டிடுட்டில் ஒரு பள்ளி, அதன் சாவி பெற்றோர் குழுவின் கையில். அதற்கு வேண்டியது ஒரு கட்டடமும் முதல் வருஷத்துக்கு நான்கைந்து ஆசிரியர்களும்தான்.